வெட்டி எறிந்த வாக்கியம்

நாற்பத்தைந்து வயதை எட்டிய மனிதனுக்கு இரண்டு ஆசைகள் பிறக்கின்றன. ஒன்று, தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படுவது. மற்றொன்று, ஊராரின் உடம்பைப் பற்றி யோசனை சொல்வது. முதலாவது செலவு வைக்கும். இரண்டாவதற்குக் காலணா செலவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நாங்கள் குடியிருப்பது தாம்பரத்தை அடுத்த சேலையூரில். என் மனைவி ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். நானோ பிளஸ் டூவோடு படிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நாவல் எழுதப் புறப்பட்டவன். இரவு வீடு திரும்பியதும் அவள் அன்றைய கடை விசேஷங்களைச் சொல்லுவாள். பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைக் காட்டித் தனக்கும் அதே மாத்திரை கேட்டவர், பத்து நாள் மருந்தை மூன்று நாளோடு நிறுத்திவிட்டு ‘உடம்பு தேவலை’ என்றவர், இப்படித் தினம் ஒருவர்.

“இதையெல்லாம் ஜனங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதாங்க?” என்றாள் ஒரு நாள்.

“நாமே சொன்னால் போயிற்று. வலையொலி ஆரம்பிப்போம்” என்றேன்.

“வளையொலியா?” என்று கேட்டுக்கொண்டே அவள் பாத்திரம் துலக்கினாள். அவள் கை வளைகளும் சேர்ந்து கேட்டன.

‘பாட்காஸ்ட்’ என்ற பெயர் 2004-இல் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் ‘கார்டியன்’ இதழில் எழுதியபோது அச்சேறியது. அதற்குத் தமிழில் வழங்கும் பெயர்தான் வலையொலி. வானொலி மாதிரிதான். ஆனால் நிலையம் வேண்டாம், நேரம் வேண்டாம். யாரும் எப்போது வேண்டுமானாலும் கைப்பேசியில் கேட்கலாம். அப்படிச் சொன்னால் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும்!

தாம்பரத்தில் நிசப்தம் என்பது கிடைத்தற்கரிய பொருள். ஒரு பக்கம் மின்சார ரயில். 1931-லிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது, எங்களுக்காக நிற்குமா? இன்னொரு பக்கம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்கள். நான் “ஆழ்ந்து மூச்சு விடுங்கள்” என்று ஆரம்பித்தால் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் ஒன்று பெருமூச்சு விடும். கடைசியில் இரவு பதினொரு மணிக்கு மேல், மரப் பீரோவைத் திறந்து வைத்து, அதில் தொங்கும் புடவைகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசினோம். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்பது ஒலிக்கலையின் பால பாடம். மின்விசிறி போடக் கூடாது, ஒலிவாங்கியில் இரையும். கத்திரி வெயில் மாதத்தில் வியர்வை வழிய வழிய ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசினோம். கண்ணாடி வளையல் கலகலத்தது என்று அவளைக் கழற்றி வைக்கச் சொன்னேன். வலையொலிக்காக எங்கள் வீட்டில் வளையொலி நின்றுபோயிற்று.

வேலைப் பங்கீடு இது: விஷயம் அவளுடையது, வார்த்தை என்னுடையது. பேசி முடித்ததும் கம்ப்யூட்டரில் ஒலியைப் போட்டு, இருமல், தடுமாற்றம், வேண்டாத இழுவை எல்லாவற்றையும் வெட்டுவதும் என் பொறுப்பு. நாவலாசிரியன் அல்லவா? எதை வெட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்ன!

நாலாவது பேச்சு சர்க்கரை நோயைப் பற்றியது. வெந்தயம், நடைப்பயிற்சி, இரவுச் சாப்பாட்டைக் குறைப்பது என்று சொல்லிக்கொண்டே போனவனுக்கு முடிவில் ஓர் உற்சாகம் வந்தது. “நேயர்களே, நாளை காலை அந்த மாத்திரை டப்பாவை மூடி வையுங்கள். வாசற்கதவைத் திறவுங்கள். வீதி உங்களுக்காகக் காத்திருக்கிறது!” என்றேன். மூடுவதும் திறப்பதும் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டன, பாருங்கள். எனக்கே மெய்சிலிர்த்தது.

உடனே அவள் குறுக்கிட்டாள்: “ஆனா, டாக்டரைக் கேட்காம யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க.”

அந்த வாக்கியம் என் முத்தாய்ப்பின் மேல் தண்ணீர் தெளித்தாற்போல் இருந்தது. சுருதி கெட்டுவிட்டது. அன்றிரவு அவள் தூங்கிய பிறகு அதை வெட்டி எறிந்தேன்.

அந்தப் பேச்சுக்கு நல்ல பெயர். யாரோ கடைசி ஒரு நிமிஷத்தை மட்டும் கத்தரித்து வாட்ஸ்அப்பில் உலவ விட்டார்கள். குரோம்பேட்டையிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் பாராட்டுகள் வந்தன. நான் தரையில் நடக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து எங்கள் தெருவிலிருக்கும் டீச்சரம்மா காய்கறிக் கடை வாசலில் மயங்கி விழுந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை அளவு நானூறைத் தாண்டியிருந்தது. இருவரும் ஓடினோம். கையில் குளுக்கோஸ் இல்லாத சலைன் ஏறிக்கொண்டிருக்க, எங்களைப் பார்த்ததும் சிரித்தார்கள்.

“மாத்திரையை நிறுத்திட்டேன் தம்பி. தினம் காலையில நடந்தேன். வெந்தயத் தண்ணியும் குடிச்சேன்” என்றவர்கள், என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “நீ மருந்துக் கடையில இருக்கிறவ கண்ணு. தப்பா இருந்தா நீ சும்மா இருந்திருப்பியா? அதனாலதான் தைரியமா நிறுத்தினேன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சைப் போட்டுக் கேட்டாள். தன் வாக்கியம் இருக்க வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினாள். “என் குரலை வெட்டினீங்க, சரி. ஆனா என் மௌனத்தை விட்டுட்டீங்களே. அதைத்தான் அவங்க நம்பிட்டாங்க” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கதையில் ஓர் அழகான பொய்யை எழுதினால் யாருக்கும் சர்க்கரை ஏறுவதில்லை. இருபது வருஷம் அந்தச் சௌகரியத்திலேயே எழுதிப் பழகிவிட்டேன். காதோடு காதாகப் பேசும் குரலைக் கேட்கிறவர் கதையாகக் கேட்பதில்லை. வீட்டுக்குப் பெரியவர் சொன்ன வார்த்தையாகக் கேட்கிறார். இதில் இன்னொரு சங்கடம்: 1938-இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கிய காலத்தில் பேசியவரின் பேச்சு காற்றோடு போயிற்று. என் பேச்சு போகாது. நான் அதை எடுத்துவிட்டேன். ஆனாலும் எத்தனை கைப்பேசிகளில் அந்த ஒரு நிமிஷம் இன்னும் மாத்திரை டப்பாக்களை மூடிக்கொண்டிருக்கிறதோ!

அடுத்த பேச்சில் நடந்ததை நடந்தபடி சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவள் பேசினாள். எங்கள் ஊர்ச் சங்கதியையே எடுத்துக்கொண்டாள். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் தந்தது, 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரி. இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜத்துக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். 1937-இல் அரசாங்கம் ஆஸ்பத்திரியை ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் காசம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு. வேறு மருந்து ஏது? மருந்து வந்த பிறகு, 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஒரு சாராருக்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை. இன்னொரு சாராருக்கு அவரவர் வீட்டிலேயே, நெருக்கடியிலும் ஏழ்மையிலும். ஓராண்டு மருந்து சாப்பிட்ட பின் பார்த்தால், இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகத்தின் வைத்திய முறையையே மாற்றியது.

“வீட்டிலேயே நோயைக் குணப்படுத்தலாம்னு நம்ம ஊர்தான் காட்டுச்சு. ஆனா மாத்திரையை நிறுத்தின வீட்டுல இல்லை. நடங்க, வெந்தயமும் சாப்பிடுங்க. மாத்திரையைக் குறைக்கிறதா, நிறுத்துறதா, அதை டாக்டர்தான் சொல்லணும்” என்று முடித்தாள். அதில் முத்தாய்ப்பும் இல்லை, மெய்சிலிர்ப்பும் இல்லை. அதை யாரும் வாட்ஸ்அப்பில் கத்தரித்து அனுப்பவும் இல்லை.

டீச்சரம்மா தேறிவிட்டார்கள். இப்போதும் காலையில் நடக்கிறார்கள், மாத்திரை போட்டுக்கொண்டு. எங்களைக் கண்டால், “என்ன தம்பி, இந்த வாரம் என்ன நிறுத்தணும்?” என்று கேட்கிறார்கள். எனக்கு அது போதுமான தண்டனை.

நாங்கள் இன்னும் இரவில் பீரோ முன்னால் உட்கார்ந்து பேசுகிறோம். வெட்டும் வேலையை அவள் வாங்கிக்கொண்டுவிட்டாள். ஒரே ஒரு மாற்றத்தை நானாகக் கேட்டேன்: வளையலைக் கழற்ற வேண்டாம் என்று. நான் பேசிக்கொண்டே வார்த்தையின் அழகில் மயங்கும்போது பக்கத்தில் ‘கலீர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். நான் நிறுத்திக்கொள்வேன். ஒலிப்பதிவுக்கு அது குறைதான். இருக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறோம்.