வெளியே போகும் புத்தகங்கள்

மாவட்ட மைய நூலகத்திலிருந்து புதுப் புத்தகக் கட்டு வந்திறங்கிய நாளில் நான் அங்கே போய்ச் சேர்ந்தது நல்லதாகப் போயிற்று. மன்னார்குடியிலிருந்து சற்றுத் தள்ளி, வயல்களைத் தாண்டி ஓர் ஊர். கிளை நூலகம் என்று பலகை தொங்கும் பழைய ஓட்டுக் கட்டடம். நாளிதழை விரித்தபடி நான்கைந்து பெரியவர்கள் இருந்தார்கள். அடுத்த மேசையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். நூலகருக்கு ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்தன. ஊரில் அவருக்கு ‘லைப்ரரியம்மா’ என்றே பெயர்.

“உக்காருங்க சார், இதை முடிச்சிட்டுப் பேசுவோம்” என்று கட்டைப் பிரித்தார். பட்டியலை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைப்பாகச் சரிபார்த்தார். பிறகு முத்திரை குத்தும் வேலை. தலைப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ரகசியப் பக்கத்தில் ஒன்று. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் யாராவது கிழித்தெறிந்துவிட்டாலும், எந்த நூலகத்துப் புத்தகம் என்று இந்த ரகசியப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். “எத்தனாம் பக்கம்னு மட்டும் எழுதிடாதீங்க” என்று சிரித்தார். அடுத்து சேர்க்கைப் பதிவேட்டில் எண், உள்ளே தேதிச் சீட்டு, முதுகில் லேபிள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்ததுதான். புதுப் புத்தகத்தை முதுகு கீழே படும்படி மேசைமேல் நிறுத்தி, முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள் என்று மாறிமாறிப் பிரித்து விரலால் நீவிவிட்டார். நடுவில் சட்டென்று விரித்தால் முதுகு உடைந்து தாள்கள் உதிரத் தொடங்கிவிடும். இப்படிப் பழக்கிவிட்ட புத்தகம் பல கை தாங்கும். நீவும்போதே கண் வரிகளின்மேல் ஓடுகிறது. “பத்துப் பக்கமாவது படிச்சிடுவேன். இது யாருக்கு ஆகும்னு தெரியாம அலமாரியில வச்சி என்ன செய்ய?”

அந்த நூலகத்தில் டியூயி பகுப்பு முறை. தமிழ் இலக்கியத்துக்கு 894.811, அதோடு 1 சேர்ந்தால் கவிதை, 2 நாடகம், 3 கதையும் நாவலும், 4 கட்டுரை. சமையல் 641.5, வேளாண்மை 630. அம்மாவுக்கு இந்த எண்களெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவரிடம் இன்னொரு பகுப்பு முறை இருக்கிறது. அது எந்த ஏட்டிலும் இல்லை. புதுக் கட்டிலிருந்து மண்வளம் பற்றிய ஒரு சிறு நூலைத் தனியே எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். “கீழத்தெரு பெரியவர் ஒருத்தர் ரசாயன உரத்தை விட்டுட்டு இயற்கை விவசாயத்துக்குப் போறேங்கிறார். அவருக்கு.” ரமணிசந்திரன் நாவலைக் கேட்டு ஒரு பெண் வந்தார். அதோடு அம்மா இன்னொரு புத்தகத்தையும் நீட்டினார். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. கீழ்வெண்மணிப் படுகொலையை ஒட்டி எழுதப்பட்டு 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். அந்தப் பெண் தயங்கினார். “நம்ம பக்கத்துக் கதைதாம்மா. புடிக்கலேன்னா நாளைக்கே கொண்டாந்து குடுத்துடு.” வாங்கிக்கொண்டு போனார்.

அம்மா இந்த வேலைக்கு வந்த கதையும் இன்னொருவருக்காகப் புத்தகம் எடுத்ததில்தான் தொடங்குகிறது. தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்துக்கு ஓடிவந்து புத்தகம் எடுத்துப் போய் அவருக்கு வாசித்துக் காட்டுவார். “முதல்ல அவருக்குப் புடிச்சதையே படிச்சேன். அப்புறம் எனக்குப் புடிச்சதை அவர் கேக்க ஆரம்பிச்சாரு. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் முடிச்சோம். நடுவுல மூணாம் பாகம் வேற யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. அது திரும்பி வர்ற வரைக்கும் தாத்தா என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாரு.” பள்ளிப் படிப்புக்குப் பிறகு நூலக அறிவியலில் சான்றிதழ் படிப்பு. தொகுப்பூதியத்தில் ஊர்ப்புற நூலகர் வேலை. பல வருடங்கள் கழித்தே காலமுறை ஊதியமும் கிளை நூலகமும் கிடைத்தன.

நூலகத்துறைக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அதற்குமுன் அவர் கணித ஆசிரியர். நூலகத்தில் வேலையே இல்லை என்று சலித்துப்போய் வகுப்பறைக்கே திரும்ப நினைத்தவர், பயிற்சிக்காக லண்டன் போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்த பிறகு வேறு ஆளாகத் திரும்பினார். அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. முதல் விதி, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காக என்கிறது. அடுத்த இரண்டும் வாசகருக்கு அவருக்குரிய புத்தகமும், புத்தகத்துக்கு அதற்குரிய வாசகரும் சேரவேண்டும் என்கின்றன. அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டு ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோனது. எஸ்.வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. 1948இல் சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் வந்தது. இந்தச் சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. அம்மா அதை அடிக்கடி ஊராருக்கு நினைவூட்டுவார்: “உங்க காசுல வாங்கின புத்தகம். வந்து படிக்காட்டி நட்டம் உங்களுக்குத்தான்.”

பிற்பகலில் கூட்டம் குறைந்ததும் ‘வைத்தியம்’ தொடங்கியது. முதுகு விட்டுப்போன புத்தகங்கள் மூலையில் அடுக்கியிருந்தன. மொத்தமாகத் தைக்க வெளியே பைண்டரிடம் அனுப்புவது உண்டு. ஆனால் அது போய்வர நாளாகும் என்பதால் சின்னக் காயங்களை அம்மாவே பார்த்துக்கொள்வார். மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, துளி மயில்துத்தம் சேர்த்த பசை. மயில்துத்தம் இல்லாவிட்டால் பசையின் ருசிக்கே கரப்பானும் இராமபாணமும் வந்து தாளைத் தின்றுவிடும். குத்தூசியால் ஓரத்தில் துளையிட்டு, மெழுகு தடவிய நூலை இழுத்துத் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி, மேலே ஒரு செங்கல்லை ஏற்றினார். செங்கல்லுக்கும் நாளிதழில் அட்டை போட்டிருந்தது.

“செலோ டேப் மட்டும் ஒட்டக்கூடாது சார். ஆசையா ஒட்டிக் கொண்டாந்து குடுப்பாங்க. ரெண்டு வருசத்துல அது மஞ்சளாகி, பிசினு தாளுக்குள்ள இறங்கிடும். அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.”

2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப்போட்டபோது நூலகத்தின் ஓடுகளும் பறந்தன. விடிந்ததும் அம்மா தன் வீட்டைக்கூடச் சரியாகப் பார்க்காமல் இங்கே ஓடிவந்தாராம். நனைந்த புத்தகத்தை வெயிலில் காயவைத்தால் தாள் முறுக்கிக்கொள்ளும். காற்றோட்டமுள்ள நிழலில்தான் உலரவேண்டும். மின்விசிறி போட மின்சாரம் வர நாள்கணக்கில் ஆயிற்று. பெரிய புத்தகங்களை விசிறிபோல் விரித்து நிறுத்தி, தாள்களுக்கிடையே பழைய நாளிதழைச் செருகி, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மெல்லிய புத்தகங்களைக் கொடியில் போட்டார்கள். வழவழப்பான படத் தாள்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டன. அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. “பசங்கதான் வந்து நின்னாங்க. எந்தப் புத்தகத்தை முதல்ல எடுக்கறதுன்னு கேட்டான் ஒருத்தன். அழுக்கா இருக்கறதை முதல்ல எடுடான்னேன்.”

அந்த வாக்கியத்தை நான் மறுபடி சொல்லச் சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. அழுக்காக இருந்தால் பலர் படித்திருக்கிறார்கள், இனியும் கேட்டு வருவார்கள். புத்தம்புதிதாகவே இருந்தால் அதை யாரும் தொடவில்லை. புத்தகப் பிரியர்கள் என்று நான் அறிந்தவர்களில் பலர் அட்டை மடங்கினாலே முகம் சுளிப்பவர்கள். இரவல் கேட்டால் பேச்சை மாற்றுபவர்கள். நானும் ஏறக்குறைய அந்தச் சாதிதான். அம்மாவின் பிரியம் தேதிச் சீட்டில் தெரிகிறது. சீட்டு நிறைந்து அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டிய புத்தகத்தைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். சில வருடங்களாக ஒரு முத்திரையும் விழாத புத்தகங்களைத் தனியே எடுத்து மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். நாளிதழ் படிக்க வருபவர்கள் கண்ணில் படட்டும் என்றார். வீட்டில் எத்தனை புத்தகம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு சின்ன அலமாரிகூட நிறையாது என்றார். வாங்குவார், படிப்பார், நூலகத்துக்குக் கொடுத்துவிடுவார்.

இந்தப் பிரியத்துக்கு விலையும் உண்டு. ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் எண் இருந்து அலமாரியில் புத்தகம் இல்லையென்றால் அதற்குப் பொறுப்பு நூலகர். பூட்டியே வைத்தால் ஒரு புத்தகமும் குறையாது. தாராளமாகக் கொடுத்தால் குறையும். உறுப்பினராகாத பிள்ளைகளுக்கும், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் தன் பேரில் பதிந்து கொடுத்துவிட்டு, சிலவற்றுக்குக் கைக்காசு கட்டியிருக்கிறார் அம்மா. தேர்வு வழிகாட்டி ஒன்றை எடுத்துப்போன பையன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான். கோபமில்லையா என்றேன். “இருந்துச்சு. ஆனா அவன் கையில இருந்தா படிப்பான்ல. கரையான் கையில போனாத்தான் வயித்தெரிச்சல்.”

இதை விதிமீறல் என்று சொல்ல அதிகாரிகளுக்கு இடமுண்டு. பொதுச் சொத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் நம் கணக்கு உள்ளே இருப்பதைத்தான் பெரிதாக எண்ணுகிறது. ஒரு நூலகத்தை மதிப்பிட வருபவர் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டும் அதே அக்கறையோடு தேதிச் சீட்டுகளையும் புரட்டவேண்டும். எத்தனை காணாமல் போயின என்று கேட்டுவிட்டு, எத்தனை தேய்ந்துபோயின என்றும் கேட்கவேண்டும். தேயத் தேயப் படிக்கப்பட்டவற்றை அந்த ஆண்டின் வரவில் எழுதவேண்டும். அப்படி ஒரு தணிக்கை வந்தால், அந்த ஓட்டுக் கட்டடத்து அம்மா கைக்காசு கட்டவேண்டியிருக்காது. அவருக்கு நாம்தான் பாக்கி வைத்திருப்போம்.