உறையாத எண்ணெய்

போன மார்கழியில ஊருக்குப் போனப்போ நடந்த கதை. பெங்களூர்லேர்ந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியா திருவண்ணாமலை வந்து இறங்கினதும் ஆயாவுக்கு ஒரு பாட்டில் இலுப்பெண்ணெய் வாங்கினேன். ஆயா அதை ராத்திரி வாசத்திண்ணையில வெச்சாங்க. காலையில எடுத்து ஆட்டிப் பாத்துட்டு, "உறையவே இல்லியேடா. எவனோ உன் தலையில கட்டிட்டான்"னாங்க.

பொட்டி தட்டுற நமக்கு இது புது டெஸ்டிங் :-) தேடிப் பார்த்தா ஆயா சொன்னது சரிதான். இலுப்பெண்ணெயில பால்மிட்டிக், ஸ்டீரிக் அமிலங்கள் கணிசமா இருக்கு. அதனால குளிர்ல நெய் மாதிரி கட்டியாகணும்.

செங்கம் ரோட்டுல ரமணாசிரமம் போனவங்க முன்வாசல்ல அந்தப் பெரிய இலுப்பை மரத்தைப் பார்த்திருப்பீங்க. மாசி, பங்குனியில இலையை உதிர்த்துட்டுப் பூக்கும். கொழகொழன்னு சதைப்பற்றான பூ, விடியக்காலையில உதிரும். அவ்வளவு இனிப்பு. 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை'ன்னு சும்மாவா சொன்னாங்க! வடக்கே இதுதான் மஹுவா. பூவிலிருந்து சாராயம் காய்ச்சுறாங்கன்னு, பூவைப் பொறுக்குறதையே கட்டுப்படுத்த 1892-ல பம்பாய் மாகாணத்துல வெள்ளைக்காரன் சட்டம் போட்டான்.

மத்தியதரைக்கடல் பக்கம் விளக்குக்கு ஒலிவ எண்ணெய்னா, நம்ம கோயில்களுக்கு இலுப்பெண்ணெய். ஆட்டினது போக மிஞ்சின புண்ணாக்கைத் தலைக்குத் தேய்ச்சுக் குளிப்பாங்க. அதுல இருக்கிற சபோனின்தான் நுரை தரும். அதையே குட்டையில கரைச்சா மீன் மயங்கி மிதக்கும். இன்னொரு ஆச்சரியம்: அண்ணாமலையார் கோயில் தலமரமான மகிழ மரமும் இலுப்பையும் ஒரே குடும்பம். நம்ம சப்போட்டாவும் அதே வம்சம்தான்!

சரி, கடையில ஏன் வாங்கணும்? எங்க கொல்லி மேட்டுலயே ரெண்டு இலுப்பை இருந்துச்சு. ஆடியில கொட்டை பொறுக்கி, காயவெச்சு, உடைச்சு, செக்குக்கு அனுப்புறது ஆயாதான். நான் இஞ்சினியரிங் சேர்ந்த வருஷம் ஃபீஸ் கட்டப் பணம் இல்ல. மர வியாபாரி வந்தான். ரெண்டும் ஒரே நாள்ல போச்சு. ஆயா அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. பாட்டிலை ஆட்டிட்டு என்னைப் பார்த்தப்போதான் எனக்கு உறைச்சுது.

இலுப்பைக் கொட்டையை ரொம்ப நாள் வெச்சிருந்தா முளைக்காதாம், புதுசாவே போடணும். அதனால இந்த ஆடிக்கு லீவு சொல்லிட்டேன். பூக்கவே பத்து வருஷத்துக்கு மேல ஆகலாம். ஆயாவுக்கு எண்பத்திரண்டு. "எனக்கு எதுக்குடா"ன்னு சிரிச்சாங்க. ஆனா குழி எங்க தோண்டணும்னு மட்டும் கரெக்டா காட்டினாங்க.

பி.கு: உறையிற இலுப்பெண்ணெய் எந்தச் செக்குல கிடைக்கும்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா, புண்ணியமாப் போகும்.