ஃபார்மட் எல்லாவற்றுக்கும் மருந்தன்று

2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகத் தேனி, போடி, கம்பம் பகுதி மாணவர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸை மறுபடி ஏற்றியதும் பாஸ் அழிந்துவிட்டதாகப் பலர் கருதினாலும், உண்மையில் காணாமற்போவது பெரும்பாலும் கிரப் மட்டுமே. அதாவது, கணினி துவங்கும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று பட்டியலிட்டுக் கேட்கும் சிறு நிரல். லைவ் யூஎஸ்பி மூலம் துவக்கி, லினக்ஸ் இருக்கும் பகுதியை மவுண்ட் செய்து, 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையை, பழைய பயாஸ் கணினியாயின் எஸ்டிஏ1 என்ற பகுதிக்கன்றி எஸ்டிஏ என்ற முழு வன்தட்டுக்கே கொடுத்தால், அந்தப் பட்டியல் மீளும். மின்தடையில் பாட்டரி தீர்ந்து அணைந்த கணினி 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று திரையில் காட்டி நின்றுவிட்டால், கோப்பு முறைமையைச் செப்பனிடும் எஃப்எஸ்சிகே கட்டளையே பெரும்பாலும் போதும். இவற்றுக்கு ஃபார்மட் செய்யச் சொல்லும் கடைக்காரரிடம், முதலில் கோப்புகளைப் பிரதியெடுத்துத் தரும்படி கேளுங்கள்.