இரண்டு மில்லிலீற்றர்

தாயின் வயிற்றில் 37 வாரங்களை நிறைவு செய்யாது பிறக்கும் சிசுவையே குறைமாதக் குழந்தை என்கிறார்கள். என் தங்கையின் மகளுக்குக் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் 30 வாரத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. நிறை 1,250 கிராம்.

மறுநாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அவளுக்குப் பால் காணாதாம். தெரிஞ்ச டொக்டரிட்டைக் கேட்டு நல்ல பால்மா ஒண்டு வாங்கிக் குடு." அக்கா சொன்னது அன்பினால்தான். ஆனால் அக்குழந்தைக்கு அன்று தேவைப்பட்டது எவ்வளவு தெரியுமா? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 2 மில்லிலீற்றர். அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. மஞ்சள் நிறச் சீம்பால் அந்த அளவுக்கு அவளிடம் இருந்தது.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் 34 வாரமளவிலேயே குழந்தைக்குக் கைகூடுகிறது. அதுவரை மெல்லிய குழாய் வழியாகவே பால் இரைப்பையை அடையும். தாய் நாளொன்றுக்கு எட்டுத் தடவையாவது, நள்ளிரவிலும் எழுந்து, கையால் பிழிந்து எடுக்கவேண்டும். ஊரிலிருந்து பால்சுறா வந்தது, பூண்டும் வந்தது. தாராளமாக உண்ணட்டும். ஆயினும் பால் ஊறுவது மார்பிலிருந்து பால் அடிக்கடி எடுக்கப்படுவதையே பெரிதும் பொறுத்தது.

இத்தனை பாடு எதற்கு? குறைமாதக் குழந்தையின் குடல் முதிராதது. குடற்சுவர் அழுகி உயிரையே பறிக்கும் நோயொன்று இவர்களைத் தாக்குவதுண்டு. பால்மா அருந்தும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளுக்கு அந்த ஆபத்து குறைவு. மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தாய்ப்பாலில் உள்ள புரதமும் கல்சியமும் போதாமற் போகலாம். அப்போது மருத்துவர்கள் அவற்றைத் தாய்ப்பாலுடனேயே கலந்து கொடுப்பார்கள்.

நான்காம் நாள் தாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், குழந்தை அங்கேயே இருந்தது. அதன்பின் அவள் பார்வையாளர்களில் ஒருத்தி. குளிர்ப்பெட்டியில் பாலைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய்வந்தாள். அமர்ந்து பால் எடுக்க அங்கே ஒரு கதிரைகூட இருக்கவில்லை.

கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 1970களின் இறுதியில், இன்கியுபேற்றர்கள் போதாத நிலையில், டொக்டர் எட்கர் ரேய் சனாப்ரியா குழந்தைகளைத் தாயின் வெற்றுமார்போடு சேர்த்துக் கட்டிவைக்கச் செய்தார். கங்காரு முறை என்று உலகம் அறிந்தது அதைத்தான். இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வொன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தாய்க்கும் இடம் கொடுத்துப் பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்கியபோது 28 நாட்களுக்குள் நேரும் மரணங்கள் கால்வாசி குறைந்தன. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் இதனையே பரிந்துரைத்தது.

வைத்தியசாலைகளுக்கு இயந்திரங்கள் அன்பளிப்புச் செய்யும் வைபவங்கள் பலவற்றைச் செய்தியாக்கியிருக்கிறேன். நாடா வெட்டும் படங்களும் வரும். குறைமாதக் குழந்தையின் அருகே தாய் படுக்க ஒரு கட்டில் வழங்கப்பட்டதாக ஒரு செய்தியும் என் மேசைக்கு வந்ததில்லை.