பத்து நாட்களில் நான்கு நாடுகள்

இராயபுரத்தில் வாழ்பவர்களுக்குக் கப்பல் அன்றாடக் காட்சி. துறைமுகத்தில் 34 ஆண்டுகள் டாலி கிளார்க்காகப் பணிபுரிந்த எனக்கோ அது அன்றாடச் சோறு. தொடக்கத்தில் மூட்டைகளையும், 1983இல் சரக்குப் பெட்டக முனையம் வந்தபின் பெட்டகங்களையும் எண்ணிக் குறித்தே என் வாலிபம் கழிந்தது. கொழும்பு, பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆயிரம் முறை எழுதியிருப்பேன். அவற்றில் ஓர் ஊரையும் கண்டதில்லை.

என் துணைவியார் நாகூரில் பிறந்தவர். அவருடைய வாப்பா பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தார். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிச் சென்ற ரஜூலா கப்பல் நம் சமுதாயத்தின் பழைய குடும்பங்களுக்கு நன்கு தெரியும். 1926இல் ஓடத் தொடங்கி 1973இல் ஓய்ந்தது அக்கப்பல். அதில் சென்றவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை அதிலேயே வருவார். சில மாதங்கள் தங்குவார், மீண்டும் செல்வார். மகளுக்கு வாப்பா என்பது பெரும்பாலும் கடிதமாகவே இருந்தது.

திருமணமான நாளிலிருந்து, “உன்னையும் ஒருநாள் பினாங்குக்கு அழைத்துச் செல்வேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம், வீட்டுக் கடன் என ஒவ்வொன்றும் குறுக்கே நின்றது. ஹஜ் கடமையை நிறைவேற்றச் சென்றதைத் தவிர இருவரும் கடல் கடந்ததில்லை. 2023இன் இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்க்கு விசா விலக்கு அளித்தன. “இனி என்ன தயக்கம்?” என்று மகன் பயணச்சீட்டுகளை எடுத்துத் தந்தான். 2024ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில் புறப்பட்டோம். பத்து நாட்கள், நான்கு நாடுகள்.

டாலி கிளார்க்கின் புத்தி ஓய்வு பெற்றாலும் போவதில்லை. பார்க்க வேண்டிய 37 இடங்களை ஒரு சிறு நோட்டில் வரிசைப்படுத்தி, நேரமும் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கண்டு முடித்ததும் ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கோடு. எதுவும் விடுபடக் கூடாது என்பதே என் கவலையாக இருந்தது.

கொழும்பில் புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளிவாசல் எங்களை வரவேற்றது. இந்திய முஸ்லிம் வணிகர்களின் முயற்சியால் 1908இல் கட்டத் தொடங்கிய ஜாமிஉல் அஃபார் பள்ளிவாசல் அது. சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கிய அதன் சுவர்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றார் என் துணைவியார். “நேரமாகிறது, காலிமுகத்திடல் போக வேண்டும்” என்றேன். பாங்காக்கில் அரண்மனை, படகுத்துறை, கடைவீதி, நதிக்கரையை அடுத்த சந்துக்குள் அமைந்த ஹாரூன் பள்ளிவாசல் என இரண்டு நாட்கள் ஓடினோம். ஹலால் உணவு தேடி நடந்ததில் அவருடைய முழங்கால் வீங்கியது. அதை எனக்கு அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்காம் நாள் பினாங்கு. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுனில், ஒரே வீதியில் கிறித்தவத் தேவாலயமும் சீனர் கோயிலும் நம் பள்ளிவாசலும் உள்ளன. மாரியம்மன் கோயிலும் அருகிலேயே. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. அதை நிறுவியவர் தமிழகக் கரையிலிருந்து சென்ற காதர் முகைதீன் என்னும் வணிகர். ளுஹரைச் சுருக்கித் தொழுதுவிட்டு வெளியே வந்து காத்திருந்தேன். பெண்கள் பகுதியிலிருந்து துணைவியார் வரவில்லை. நெடுநேரம் கழித்து வந்தவர், தாழ்வாரத்தில் அமர்ந்துவிட்டார்.

“மலை இரயிலுக்குப் போக வேண்டும், எழுந்திரு” என்றேன். 1923 முதல் இயங்கும் மலை இரயில் என் பட்டியலில் பதினேழாவது.

“நீங்கள் போய் வாருங்கள் மச்சான். நான் இங்கேயே இருக்கிறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. “இதற்காகவா இவ்வளவு செலவு செய்து வந்தோம்? பள்ளிவாசல் நம் தெருவில் இல்லையா?” என்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

அவர் அமைதியாகச் சொன்னார்: “நம் தெருப் பள்ளிவாசலில் நான் ஒரு வக்து கூடத் தொழுததில்லையே மச்சான்.”

எனக்குப் பதில் இல்லை. ஐவேளையும் நான் செல்லும் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. ஆனால், அது என் வீட்டில் இருப்பவரைப் பற்றிய செய்தி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் தொடர்ந்தார்: “வாப்பா இந்தப் பள்ளியில்தான் ஜும்ஆ தொழுவதாக எழுதுவார். உம்மா இந்த ஊரைக் கடித உறையின் மேல்தான் பார்த்தார்கள். ஒருநாளும் வந்ததில்லை. அவர்களுக்காகவும் சேர்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். எல்லா இடத்தையும் நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். எந்த இடத்திலும் என் பக்கத்தில் உட்காரவில்லை.”

கோபம் தணியாமலே வீதியில் இறங்கி நடந்தேன். சூலியா வீதி வரை சென்றிருப்பேன். அப்போது ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் சென்ற ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காக நபியவர்கள் தங்கிவிட்டார்கள். மக்களும் உடன் தங்கினர். அங்கே தண்ணீர் இல்லை. தந்தை அபூபக்கர் (ரலி) அவர்கள் மகளைக் கடிந்துகொண்டார்கள். நபியவர்களோ ஒரு சொல்லும் கடிந்ததாக வரவில்லை. அந்தத் தாமதத்தில்தான் தயம்மும் பற்றிய இறைவசனம் இந்தச் சமுதாயத்திற்கு அருளப்பட்டது.

ஒரு மாலைக்காக ஒரு கூட்டமே தங்கியது. முப்பத்தொன்பது ஆண்டுகள் என்னுடன் வாழ்ந்தவருக்காக என்னால் ஒரு பிற்பகல் தங்க முடியவில்லை. பயணிக்கு இறைவன் தொழுகையையே சுருக்கித் தந்திருக்கிறான். நானோ சுருக்க வேண்டிய பட்டியலை நீட்டினேன்; நீட்ட வேண்டிய பொறுமையைச் சுருக்கினேன்.

அஸருக்குப் பாங்கு ஒலித்தபோது திரும்பிச் சென்றேன். தொழுதபின் அவர் அருகில் அமர்ந்தேன். அப்போதுதான் வீங்கிய முழங்காலைக் கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். “அதற்கென்ன, வந்து உட்கார்ந்தீர்களே” என்றார். மஃரிப் வரை தம் வாப்பாவின் கடிதங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டிராத செய்திகள் அவை. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்களைக் கைவிட்டோம். மகனிடம் சொல்லிச் சீட்டை மாற்றி, பினாங்கிலேயே கூடுதலாக இரண்டு நாட்கள் தங்கினோம்.

சிங்கப்பூரில் மூன்றே இடங்கள் பார்த்தோம். சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல், தெலுக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்து இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்கும் நாகூர் தர்கா, பிறகு துறைமுகம். தம் ஊர்ப் பெயரைத் தமிழ் மண்ணுக்கு அப்பால் கண்டு என் துணைவியார் குழந்தையைப் போல் மகிழ்ந்தார். தெலுக் ஆயர் ஒரு காலத்தில் கடற்கரை. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இன்று அங்கிருந்து கடல் தெரிவதில்லை. எங்கள் இராயபுரத்திலோ நேர்மாறு. சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே கடல் நிலத்தை அரித்தது. அதனால்தான் எங்களுக்கு மணற்கரை இல்லை, பாறாங்கற்கள்தான்.

ஊர் திரும்பி நோட்டைப் பார்த்தேன். 37 இடங்களில் 19க்கு மட்டுமே கோடு விழுந்திருந்தது. வருத்தமில்லை, அல்ஹம்துலில்லாஹ். இப்போது மாலை வேளைகளில், கால் வலி அனுமதிக்கும் நாட்களில், இருவரும் அந்தப் பாறைகளின் அருகே சென்று அமர்கிறோம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இத்தனை ஆண்டுகளில் அங்கேயும் நாங்கள் ஒன்றாக அமர்ந்ததில்லை. எங்கள் பள்ளிவாசலில் பெண்கள் தொழுவதற்கு ஓர் இடம் ஒதுக்குமாறு ஜமாஅத்தாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், நடக்கும்.

சகோதரர்களே, பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி திருமறை நம்மை அழைக்கிறது. வசதி வாய்த்தால் துணைவியை அழைத்துச் செல்லுங்கள். முழங்கால் நன்றாக இருக்கும்போதே செல்லுங்கள். ஆனால், அவருடைய நடையின் வேகத்தில் செல்லுங்கள். நெடுங்காலத்துக் கடனைப் பத்து நாட்களில் அடைக்க ஓடியவன் சொல்கிறேன். அந்தக் கடன் ஓட்டத்தால் தீர்வதில்லை. உடன் அமர்வதால்தான் தீரும்.