முகக்கவசம் போட்டுப் பார்த்த காடு

ஆப்பிரிக்கா போகிறேன் என்று சொன்னதும் மும்பையை அடுத்த எங்கள் அம்பர்நாத் சொசைட்டியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சிங்கம் பாக்கவா?" இல்லை, சிம்பன்சி பார்க்க என்றால் முகம் தொங்கிவிடும். குரங்கைப் பார்க்க அவ்வளவு தூரமா என்று கீழ் வீட்டு மாமி கேட்டார். சிம்பன்சிக்கு வால் கிடையாது மாமி, அது மனிதக் குரங்கு, நமக்கும் அதற்கும் மரபணுவில் 98 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை என்று விளக்கினேன். "அப்போ கல்யாண் லோக்கல்லயே பாத்துக்கலாமே" என்றார்.

கூட வந்தது செம்பூர் அக்கா. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் கொஞ்சம் தகராறு. அவளுக்கு வேண்டியது ஒரு ஏரி, ஏரிக்கரையில் ஒரு நாற்காலி, அழைப்பு மணி அடிக்காத பகல்கள். எனக்கு வேண்டியது காடு. இரண்டும் ஒரு மணி நேரக் கார் தூரத்துக்குள் இருக்கிற இடம் மேற்கு உகாண்டா. கிபாலே மழைக்காடு, அதை ஒட்டி எரிமலைக் குழிகளில் தேங்கிய ஏரிகள். மும்பையிலிருந்து என்டெபேக்கு 2023 அக்டோபரில் உகாண்டா ஏர்லைன்ஸ் நேரடி விமானம் விட ஆரம்பித்த பிறகு, ஆறு மணி நேரம் சொச்சத்தில் இறங்கிவிடலாம். அம்பர்நாத்திலிருந்து கல்யாண்–ஷில் சாலை வழியாக சஹார் விமான நிலையம் போய்ச் சேரும் அவதியை இதில் சேர்க்கவில்லை.

போக நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். கிளம்புகிற வாரத்தில் ஓடிப் பிரயோஜனமில்லை. ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று 2016-லிருந்து விதி. அங்கே இறங்கும்போது அந்த மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். ஆனால் உண்மையான கெடுபிடி நாம் திரும்பி வரும்போது நம் ஊரில்தான். அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடலாம். காரணம் நியாயமானது. அந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. நோய்தான் இன்னும் வரவில்லை.

என்டெபேயிலிருந்து ஃபோர்ட் போர்ட்டல் ஊருக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், முழுப் பகல் பயணம். செம்மண், பாபிரஸ் கோரை அடர்ந்த சதுப்பு, சைக்கிளில் ஆளை மறைக்கும் அளவுக்குப் பச்சை வாழைத்தார். நடுவில் ஒரு கடையில் நிறுத்தி ரோலெக்ஸ் சாப்பிட்டோம். கைக்கடிகாரம் இல்லை, தெருவோரத் தின்பண்டம். ஒரு பிளாஸ்டிக் குவளையில் தக்காளி, வெங்காயம், முட்டைக்கோஸைப் பொடியாக அரிந்து போட்டு, இரண்டு முட்டையை உடைத்து அடித்துக் கல்லில் ஊற்றினான் பையன். அது வேகும்போதே மேலே ஒரு சப்பாத்தியைப் போட்டு அழுத்தி, திருப்பி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக் கையில் கொடுத்தான். அங்கேயும் அதற்குப் பெயர் சப்பாத்திதான். 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை ரயில் பாதை போட ஆயிரக்கணக்கான கூலிகளை வெள்ளைக்காரர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். பின்னாலேயே குஜராத்தி வியாபாரிகள் போனார்கள். 1972 ஆகஸ்டில் உகாண்டா அதிபர் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து இந்திய வம்சாவளியினரை வெளியேற்றினார். ஆட்களைத் துரத்தினாரே தவிர சப்பாத்தியைத் துரத்த முடியவில்லை.

மத்தோக்கே என்று வாழைக்காயை வேகவைத்து மசித்துத் தருவதுதான் அங்கே தினசரிச் சாப்பாடு. கூடவே நிலக்கடலைக் குழம்பு. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் தைரியமாகப் போகலாம். ஊறுகாய் பாட்டில் மட்டும் எடுத்துக்கொண்டு.

ஃபோர்ட் போர்ட்டலைத் தாண்டினால் தேயிலை. மேடு பள்ளமெல்லாம் ஒரே மட்டத்துக்கு வெட்டிய பச்சை, நடுநடுவே யூகலிப்டஸ் தோப்பு, அதற்கப்பால் சுவர் எழுப்பியதுபோல் காடு. "வால்பாறை மாதிரியே இருக்குடி" என்றாள் அக்கா. இருந்தது.

கிபாலே 800 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான காடு. 1993-ல் தேசியப் பூங்கா ஆனது. பதின்மூன்று வகைக் குரங்கினங்கள், அவற்றில் சுமார் 1,500 சிம்பன்சிகள். நாங்கள் போனபோது அனுமதிச் சீட்டு வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 250 டாலர், அதாவது 20,000 ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது சிம்பன்சியோடு ஒரே ஒரு மணி நேரம். நிமிடக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள், வங்கிக்காரி.

கன்யாஞ்சு என்ற இடத்தில் காலை எட்டு மணிக்குக் கூடச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு ஆறு பேர். எங்களுக்கு வாய்த்த ரேஞ்சர் ஒரு பெண்; தோளில் துப்பாக்கி, யானை வந்தால் வானத்தில் சுட. விதிகளைச் சொல்லும்போது அவர் சிரிக்கவே இல்லை. யாருக்காவது சளி, இருமல், காய்ச்சல் உண்டா? இருந்தால் உள்ளே போக முடியாது. சிம்பன்சி அருகே போனதும் எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும். எட்டு மீட்டருக்குக் குறைந்து நெருங்கக் கூடாது. அங்கே சாப்பிடக் கூடாது, துப்பக் கூடாது. தும்மலோ இருமலோ வந்தால் திரும்பி நின்று முழங்கையில்.

கொரோனா காலத்துச் சடங்கின் மிச்சம் என்று நினைத்துக் குழுவில் ஒருவர் லேசாகச் சிரித்தார். ரேஞ்சர் கதையைச் சொன்னார். இதே கிபாலேயின் வடக்கில் கன்யவாரா என்ற பகுதி இருக்கிறது. ரிச்சர்ட் ரங்கம் என்ற விஞ்ஞானி 1987-ல் தொடங்கிய ஆய்வு அங்கே இன்றும் நடக்கிறது. 2013-ல் அங்கே 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் இருமல் பரவியது, ஐந்து செத்துப்போயின. செத்த ஒரு குட்டியின் நுரையீரலில் கண்டுபிடித்தது ரைனோவைரஸ் சி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் மூக்கு ஒழுக வைக்கிற அதே சளிக் கிருமி. மனிதனிடமிருந்து போனது. நாம் ஒரு கஷாயம் குடித்து இரண்டு நாளில் மறந்துவிடுவதற்கு அவற்றின் உடம்பில் தற்காப்பு கிடையாது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

காட்டுக்குள் முதல் முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஈரச் சருகு, காலுறைக்குள் ஏறும் எறும்பு (பேண்டை சாக்ஸுக்குள் செருகச் சொன்னதைக் கேட்டவர்கள் தப்பித்தோம்). பிறகு எங்கிருந்தோ ஹூ, ஹூ என்று அடித்தொண்டையில் ஒரு குரல். மூச்சை இழுத்து இழுத்து அது வேகமெடுத்து, உச்சத்தில் கிறீச்சிட்டு உடைந்தது. உடனே நாலு திசையிலிருந்தும் பதில். நடுவே டமடமவென்று ஓசை. மரத்தின் அடியில் பலகை பலகையாக விரியும் வேர்களை ஆண் சிம்பன்சி கையாலும் காலாலும் அறைகிற சத்தமாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய அத்திமரம் ஒன்றின் அடியில் நிறுத்தினார்கள். முகக்கவசம் ஏறியது. அண்ணாந்து பார்த்தால் கறுப்பாக எட்டுப் பத்து உருவங்கள். பாதி தின்ற அத்திப்பழங்கள் எங்கள் தலைக்கு இரண்டடி தள்ளி விழுந்துகொண்டிருந்தன. கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழட்டு ஆண் மரத்திலிருந்து சறுக்கி இறங்கி, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், கை முட்டியை ஊன்றி நடந்து வந்து எதிரே உட்கார்ந்தது. முதுகில் மயிர் நரைத்து வழுக்கை விழுந்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. கம்பிக் கண்ணி என்றார் ரேஞ்சர், தாழ்ந்த குரலில். காட்டுப்பன்றிக்கும் சின்ன மான்களுக்கும் ஊர்க்காரர்கள் வைக்கிற சுருக்கில் சிம்பன்சி மாட்டிக்கொள்கிறது. பலம் இருப்பதால் கம்பியை அறுத்துக்கொண்டு வந்துவிடும், சுருக்கு மட்டும் கையிலேயே இறுகி விரல் அழுகி விழும். கிபாலேயில் இப்படி ஊனமான சிம்பன்சிகள் நிறைய. கண்ணி பொறுக்குவதற்கென்றே தனிக் குழு காட்டுக்குள் சுற்றுகிறது.

அந்தக் கிழம் மீதி விரல்களால் ஒரு அத்திப்பழத்தை உருட்டி உருட்டிப் பார்த்து, நன்றாக இல்லை என்று தூக்கிப் போட்டது. சந்தையில் எங்கள் அப்பா கத்திரிக்காய் பார்க்கும் அதே முகபாவம்.

அப்போதுதான் அக்காவுக்குத் தொண்டை கமறியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, முகக்கவசத்துக்குள் வெறும் கமறல். கண்ணில் தண்ணீர் முட்ட, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ரேஞ்சர் ஒரு சைகைதான் காட்டினார். உதவிக்கு வந்திருந்த பையன் அவளை மரங்களுக்குப் பின்னால் ஐம்பதடி தள்ளி அழைத்துப்போனான். அங்கே முழங்கைக்குள் முகம் புதைத்து இருமித் தீர்த்துவிட்டு, அடங்கின பிறகும் அவள் உடனே வரவில்லை. 250 டாலர் மணி நேரத்தில் பத்து நிமிடத்தை அப்படியே விட்டாள். "அது ஐஞ்சு செத்துதுன்னு சொன்னாளே, எனக்குக் காலே வரலடி" என்றாள் அப்புறம்.

சாதுப் பிராணிகள் என்று நினைத்துவிட வேண்டாம். இதே காட்டில் ங்கோகோ என்ற பகுதியில் வாழும் கூட்டத்தைப் பத்தாண்டு கவனித்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டில் அவை பக்கத்துக் கூட்டத்தாரில் 21 சிம்பன்சிகளைக் கொன்று, அந்த நிலத்தையும் தங்கள் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டன. 98 சதவீத ஒற்றுமை என்றால் இதுவும் சேர்த்துத்தான்.

மணி முடிந்ததும் ரேஞ்சர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சிம்பன்சிகள் இன்னும் தின்றுகொண்டிருந்தன. கூடுதல் பணம் தருகிறேன், ஐந்து நிமிடம் என்று கேட்ட பயணி ஒருவருக்குக் கிடைத்த பதில் புன்னகை மட்டும்.

மறுநாளிலிருந்து ஏரி. பூமிக்குள்ளிருந்த வாயு வெடித்துக் கிளம்பிய குழிகளில் மழைநீர் தேங்கி, ஃபோர்ட் போர்ட்டலுக்குத் தெற்கே டஜன் கணக்கில் ஏரிகள் இருக்கின்றன. மலை விளிம்பில் நின்று பார்த்தால் கீழே வட்டமாகக் கரும்பச்சைத் தண்ணீர், சுற்றிலும் செங்குத்துச் சரிவு. ந்யினம்புகா என்ற ஏரி அவர்களுடைய 20,000 ஷில்லிங் நோட்டிலேயே இருக்கிறது. அக்கா பர்ஸிலிருந்து நோட்டை எடுத்து நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தாள். கள்ளநோட்டு பார்த்துப் பழகின கை.

அவள் கேட்ட நாற்காலி கிடைத்தது. கரையோர மரங்களில் செங்கொலோபஸ் குரங்குகள் தாவிக்கொண்டிருக்க, மடியில் மூடிவைத்த புத்தகத்தோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1060-ல் கட்டிய எங்கள் அம்பர்நாத் சிவன் கோயிலை ஒட்டியே வால்துனி ஆறு ஓடுகிறது. சுற்றுவட்டார மலைகளில் பிறக்கும்போது சுத்தமான தண்ணீர்தான். தொழிற்பேட்டையைத் தாண்டி உல்லாஸ்நகர் போவதற்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பாலத்தைக் கடக்க வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அடிவரை நிறம் மாறாத தண்ணீரே ஒரு காட்சி. நீந்த ஆசைப்படுபவர்கள் மட்டும் அந்தந்த ஏரியைப் பற்றி அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். உகாண்டாவின் பல ஏரிகளில் நத்தைகள் வழியே பரவும் பில்ஹார்சியா நோய் உண்டு.

ஆனால் அந்த ஏரி எல்லோருக்கும் ஓய்விடம் இல்லை. காலையிலும் மாலையிலும் சரிவிலிருந்து பெண்களும் சிறுவர்களும் மஞ்சள் ஜெர்ரி கேனோடு இறங்குவார்கள். 20 லிட்டர் கேன். முன்பு அதில் சமையல் எண்ணெய் வந்தது. நிரப்பி, வாயில் வாழைக்காய்த் துண்டைச் செருகி அடைத்து, தலையில் ஏற்றிக்கொண்டு நாங்கள் வெறுங்கையோடு மூச்சு வாங்கி ஏறின அதே பாதையில் ஏறுவார்கள். 'சால்' எனும் ஒண்டுக் குடித்தனத்தில் குழாயடி வரிசையில் நின்ற அனுபவம் எங்கள் இருவருக்கும் உண்டு. அதைப் பார்த்த சாயங்காலம் அக்கா அரை வாளியில் குளித்துவிட்டு வந்தாள்.

பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போக வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. பூங்கா என்று அறிவிப்பதற்கு முந்தைய ஆண்டு, 1992-ல், யானைகள் போகும் பாதை என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியதும் உண்மை. மக்காச்சோளத்தைச் சிம்பன்சி தின்றுவிட்டுப் போனால் விவசாயிக்குக் கோபம் வரத்தான் செய்யும். அத்தனை சிக்கலுக்கும் நடுவில் அந்த எட்டு மீட்டரை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போனவர்கள் வால்பாறைக்கும் ஏறினோம். புதுத்தோட்டம் அருகே சாலையோரத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத உயிர். மொத்தமே சில ஆயிரம். அவை ரோட்டில் இறங்காமல் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், வண்டியை மெதுவாகப் போகச் சொல்ல ஆள் நிற்கிறார். அந்த ஆள் முகத்தைத் திருப்பின நேரத்தில் ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. சிப்ஸ் பாக்கெட் நீண்டது. செல்ஃபிக்காக ஒரு குழந்தையைச் சன்னல் வழியே பாதி வெளியே தூக்கிப் பிடித்தார்கள். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, "எட்டு மீட்டர் தள்ளுங்க" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை.

வால்பாறை போகிறவர்கள் தயவுசெய்து கார்க் கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். எதையும் கொடுக்காதீர்கள், வீசாதீர்கள். சளி பிடித்திருந்தால் வண்டியைவிட்டு இறங்கவே வேண்டாம். இங்கே இதற்கு 250 டாலரும் கேட்பதில்லை.