பார்சலோனாவிற் கண்ட தந்தை

கலைக்கும் கட்டடங்களுக்கும் உறங்காத இரவுகளுக்கும் பெயர்பெற்ற பார்சலோனா நகரைக் காணும் பேறு கடந்த ஆண்டு எமக்குக் கிட்டியது. ஸ்பெயின் தேசத்தில், மத்தியதரைக் கடலோரத்தே அமைந்தது அந்நகரம். இலண்டனில் வைத்தியராகப் பணிபுரியும் எம் மகனே எம்மையும் எம் மனைவியாரையும் அங்கு அழைத்துச் சென்றான்.

முதலிற் சென்றது திருக்குடும்பத் தேவாலயத்திற்கு. 1882ஆம் ஆண்டு அதற்கு அத்திவாரமிடப்பட்டது. மறு ஆண்டிலே பொறுப்பேற்ற அந்தோனி கௌடி என்னும் கட்டடக் கலைஞர், 1926இல் இறக்கும்வரை அதற்காக உழைத்தார். உள்ளே தூண்கள் மரங்களைப் போலக் கிளைவிட்டுக் கூரையைத் தாங்குகின்றன. கிழக்குச் சாளரங்களில் நீலமும் பச்சையும், மேற்குச் சாளரங்களில் செம்மையும் பொன்னும் ஒளிர்கின்றன.

டிராம் வண்டி மோதி வீழ்ந்த கௌடியை, அவருடைய எளிய ஆடையைக் கண்டோர் யாரோ ஏழை முதியவர் என்றே எண்ணினராம். இதனைக் கேட்டதும், “கலையை நம்பினோர் கதியைப் பார்த்தாயா?” என்று மகனிடம் கூறிவிட்டோம். அவன் புன்னகைத்தான், மனைவியாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மௌனத்திற்குக் காரணம் உண்டு. எம் மகன் சிறு பிராயத்திலேயே சித்திரத்தில் வல்லவன். உயர்தர வகுப்பில் அதனையே பயில விரும்பினான். நாமோ வைத்தியப் படிப்பைத் தவிர வேறெதற்கும் இணங்கவில்லை. அவனது வர்ணப் பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை, நன்றாகவே படித்தான். ஆயினும், அதன்பின் அவன் தூரிகை பிடித்ததை நாம் கண்டதில்லை.

மறுநாள் பிக்காசோ நூதனசாலைக்குச் சென்றோம். 1963இல் திறக்கப்பட்ட அது, இன்று பழைய மாளிகைகள் சிலவற்றை இணைத்து அமைந்துள்ளது. அங்கே ‘விஞ்ஞானமும் தருமமும்’ என்னும் பெரிய ஓவியத்தின் முன் மகன் நெடுநேரம் நின்றான். கட்டிலிலே நோயுற்ற பெண்ணொருத்தி. ஒருபுறம் குழந்தையை ஏந்திய கன்னியாஸ்திரி. மறுபுறம் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி பிடிக்கும் வைத்தியர். 1897இல் அதனைத் தீட்டியபோது பிக்காசோவுக்குப் பதினைந்து வயது. வைத்தியராக அமர்ந்திருப்பவர் அவருடைய தந்தை. தொழிலால் சித்திர ஆசிரியர். மகனுடைய ஓவியத்துக்காக அப்படி அமர்ந்து கொடுத்தவர்.

“நாடி பிடிக்கிற விதம் சரிதான், அப்பா” என்றான் மகன். வேறொன்றும் சொல்லவில்லை. எமக்கு நெஞ்சு கனத்தது. ஒரு தந்தை மகனுக்காக வைத்தியராய் நடித்தார். இங்கோ ஒரு மகன் தந்தைக்காக வைத்தியனாகவே ஆகிவிட்டான்.

அன்றிரவு இராம்பிளா என்னும் வீதியில் உலாவினோம். இருமருங்கும் மரங்கள் நிற்க, நடுவே மக்கள் நடப்பதற்கென்றே அமைந்த அகன்ற பாதை அது. அந்நகரத்தார் இராப்போசனத்துக்கு அமர்வதே ஒன்பது மணிக்குப் பின்னர்தான். இரவு வாழ்க்கை என்றதும் மதுவும் ஆடலும் மட்டுமே என எண்ணியிருந்தோம். அவையும் உண்டு. ஆனால், அருகிருந்த சதுக்கத்திலே பாட்டிமார் வாங்குகளில் அமர்ந்து கதைத்தனர். சிறுவர் பந்து விளையாடினர். எமது ஊரிலே திருவிழாக் காலத்தில் மாத்திரம் காணும் காட்சி, அங்கே சாதாரண நாளொன்றில் நிகழ்ந்துகொண்டிருந்தது.

கோப்பிக் கடையொன்றில் அமர்ந்தோம். மகன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கைதுடைக்கும் கடதாசியில் விளக்குக் கம்பமொன்றைக் கீறத் தொடங்கினான். எம்மைக் கண்டதும் அதனைக் கசக்கப் போனான். நாற்பது வயதை எட்டிய மகன், பள்ளிச் சிறுவனைப் போல அஞ்சியதைக் கண்டு வெட்கினோம்.

“தம்பி, அதை வைச்சிரு. இப்ப என்னைக் கீறு” என்றோம்.

சிறிது தயங்கினான், பின்னர் புதியதொரு கடதாசியை விரித்தான். கோப்பி ஆறிப்போயிற்று. நள்ளிரவை நெருங்கியும் வீதியில் சனம் குறையவில்லை. அவன் கீறி முடிக்கும்வரை நாம் அசையாது அமர்ந்திருந்தோம்.